வெள்ளம் போற வழியில் சைக்கிள்

"வண்டி ரிப்பேரா டீச்சர்?"

சைக்கிளில் போகத் தொடங்கிய முதல் மாதம் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று கணக்கில்லை. பால் வாங்கப் போகிறவர், மண்வெட்டியோடு வயலுக்குப் போகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள். ஒருநாள் பஸ் டிரைவரே வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டிக் கேட்டார். ஸ்கூட்டர் வைத்திருக்கிற பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி 48 வயதில், விடிந்தும் விடியாமலும் சைக்கிள் சவுட்டிக்கொண்டு போகிறாள் என்றால், ஒன்று ஸ்கூட்டர் கெட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் டாக்டர் சுகர் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை, சும்மாதான் என்றால் நம்புவதில்லை. "சும்மாவா?" என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கே அலுத்துப்போய், "ஆமா, ரிப்பேர்தான்" என்று சொல்ல ஆரம்பித்தேன். அந்தக் கணக்கில் என் ஸ்கூட்டர் மூன்று மாதம் ரிப்பேரில் கிடந்தது.

எங்கள் வீடு பூதப்பாண்டி பக்கம். நாகர்கோவிலுக்கு வடக்கே, தாடகை மலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்களிடம் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். சுற்றிலும் வயல், வாழை, தென்னை, இவற்றுக்கு நடுவே எங்கே திரும்பினாலும் ஒரு சானல். புத்தகத்தில் கால்வாய் என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் அது சானல்தான், அதில் ஓடுகிற தண்ணீர் வெள்ளம். இந்தச் சானல்கள்தான் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தன. பேலன்ஸ் பிடிக்க இல்லை, அதெல்லாம் சின்ன வயதில் அண்ணனுடைய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டே வந்துவிட்டது. எந்த வழியில் போக வேண்டும் என்பதைத்தான்.

சைக்கிள் என்னுடையது இல்லை, மகளுடையது. பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு இலவசச் சைக்கிள். முன்னால் கூடை, பின்னால் கேரியர், கியர் கிடையாது. அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபிறகு அது சாய்ப்பில் தேங்காய் மட்டைகளோடு சாய்ந்து கிடந்தது. பழைய இரும்புக்காரர் ஒருநாள் வந்து விலை கேட்டார். அவர் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தில்தான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

இரண்டு டியூப், ஒரு டயர், நாலு பிரேக் கட்டை, பின் சக்கரத்துக்குப் பெண்டு எடுத்தது எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்ததும் நான் செய்த முதல் காரியம், செயின் கிறீச்சிடுகிறதே என்று அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்து ஊற்றியது. இரண்டு நாள் சத்தமில்லாமல் ஓடியது. பத்தாவது நாள் செயின் முழுக்கக் கருப்புப் பிசினாக அப்பி, பெடல் மிதித்தால் புளியைக் கரைக்கிற மாதிரி இருந்தது. கடைக்கார அண்ணன் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"டீச்சர், இது என்ன தோசைக்கல்லா, தேங்காண்ணெய் தேய்க்கதுக்கு?"

சமையல் எண்ணெய் செயினில் புழுதியை இழுத்து நாளாக ஆகப் பிசினாகிவிடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மண்ணெண்ணெயில் செயினைக் கழுவி, துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் போட்டுக் கொடுத்தார். கண்ணிக்கு ஒரு சொட்டு, பிறகு வெளியில் இருக்கிற எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்ய வேண்டியது கண்ணிக்கு உள்ளேதான். இன்றுவரை அதுதான் என் பராமரிப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே.

இரண்டாவது தப்பு சீட்டு. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதியும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தேன். மூன்று வாரத்தில் முழங்கால் வலி வந்தது. வயசாகிவிட்டது என்று மாமியார் சொன்னார், நானும் ஒத்துக்கொண்டு தைலம் தேய்த்தேன். மறுபடியும் அதே அண்ணன்தான். சீட்டில் உட்காரவைத்து, குதிகாலைப் பெடல்மேல் வைக்கச் சொல்லி, பெடல் கீழே இருக்கும்போது கால் நீளுகிறதா என்று பார்த்தார். நீளவில்லை, மடங்கித்தான் இருந்தது. மூன்று விரற்கடை உயர்த்தினார். குதிகால் வைத்தால் கால் நேராக வர வேண்டும், அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடக்கு இருக்கும். நின்றால் விரல்நுனிதான் தரையில் படும். நிறுத்துகிறபோது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிவிட வேண்டும். அதைப் பழக இரண்டு நாள் ஆனது. தைலம் இன்னும் பாதிக் குப்பியில் நிற்கிறது.

இனி வழி. முதலில் எல்லாரையும் போல மெயின் ரோட்டில்தான் போனேன், நாகர்கோவில் பார்த்து. அது ஒரு சுகமும் இல்லாத காரியம். பின்னால் ஏர் ஹாரன் அடித்தால் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறும், கல்லும் பாறைப்பொடியும் ஏற்றிய லாரி பக்கத்தில் போனால் காற்றே நம்மைச் சக்கரத்துக்குள் இழுக்கிற மாதிரி இருக்கும். வீட்டுக்குத் திரும்பினால் களைப்பு இருக்கும், சந்தோஷம் இருக்காது. நாலு நாள் போனேன். ஐந்தாவது நாள் லாரிக்குப் பயந்து ஓரம் ஒதுங்கி, ஒதுங்கின இடத்தில் சானல் கரை தொடங்க, அதிலேயே உள்ளே திருப்பிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. மூன்று வருடமாக வெளியே வரவில்லை என்று வீட்டுக்காரர் சொல்வார்.

கரையில் போகப் போக ஒன்று கவனித்தேன். மூச்சு வாங்கவே இல்லை. எங்கள் பக்கம் மேடு பள்ளம் அதிகம் இல்லை என்றாலும் ரோட்டில் போனால் ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் ஏற்றம், ஒவ்வொரு குளத்துக்கும் ஓர் இறக்கம் உண்டு. கரையில் அது கிடையாது. நான் கணக்கு டீச்சர். இது எனக்கு முன்னாலேயே உறைத்திருக்க வேண்டும். தண்ணீர் மேட்டில் ஏறாது. பேச்சிப்பாறை அணையிலிருந்து கடைமடை வரை மோட்டார் இல்லாமல் தானாக ஓட வேண்டும் என்றால், நிலத்தின் சாய்வை அங்குலம் அங்குலமாக அளந்து, குன்று வந்தால் சுற்றி, பள்ளம் வந்தால் ஒதுங்கிப் போகிற மாதிரி வெட்டியிருப்பார்கள். அந்த அளவுக்கு மெல்லிய சாய்வு கண்ணுக்கும் தெரியாது, முழங்காலுக்கும் தெரியாது. வேலையெல்லாம் எனக்கு முன்னாலேயே யாரோ செய்து வைத்துவிட்டார்கள். பேச்சிப்பாறை அணை வேலை 1897ல் தொடங்கி 1906ல் முடிந்தது. திருவிதாங்கூரில் மூலம் திருநாள் மகாராஜா காலம், மிஞ்சின் என்ற பொறியாளர். அவர்கள் நாஞ்சில் நாட்டு நெல்லை நினைத்துச் செய்தார்கள். தோவாளை சானல், அனந்தனாறு, புத்தனாறு, பட்டணங்கால் என்று இன்றைக்குப் பிரிந்து கிடக்கிற ஒவ்வொன்றும் என் கணக்கில் ஒரு சைக்கிள் ரோடு. தோவாளை சானலின் நீட்டிப்பு மலை இடைவெளி தாண்டி ராதாபுரம் பக்கம் வரைக்கும் தண்ணீர் கொண்டுபோகிறது. அதன் கடைசிவரை சவுட்டிப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை இன்னும் மிச்சமிருக்கிறது.

யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சைக்கிள் வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்ச் சானலைப் பாருங்கள். அது எங்கே வளைகிறதோ அங்கே நீங்களும் வளையுங்கள்.

ஆனால் கரை ரோடு என்றால் தார் போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். கொஞ்ச தூரம் தார், கொஞ்ச தூரம் செம்மண், பிறகு ஒற்றையடிப் பாதை, அதற்கும் பிறகு யாருடைய வாழைத் தோட்டத்துக்குள்ளாவது போய் முடிந்துவிடும். முதல்முறை போகிற கரையில் பாதி நேரம் இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் புல் மறைத்த ஓரத்தில் காலை ஊன்றக் கூடாது. கரை இடிந்திருக்கலாம், சாரை படுத்திருக்கலாம், சாரையாக இல்லாமலும் இருக்கலாம். நிற்பதென்றால் தடத்தின் நடுவில் நின்றுகொள்வேன்.

இன்னொன்று படித்துறை. காலையில் சானலில் குளிக்கிறவர்கள் இருப்பார்கள், ஆண்கள் துறை தனி, பெண்கள் துறை தனி. மோட்டார் சைக்கிள் வந்தால் சத்தம் கேட்டுத் துணியை இழுத்துக் கட்டிக்கொள்வார்கள். சைக்கிள் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நிற்கும். ஒருமுறை வளைவு திரும்பினேன், எதிரே என்னிடம் படித்த பையனின் அப்பா, முழங்கால் தண்ணீரில், சோப்பு நுரையோடு. இருவருக்கும் அந்த வருடம் பெற்றோர் கூட்டத்தில் முகம் பார்த்துப் பேச முடியவில்லை. அன்றிலிருந்து துறைக்கு ஐம்பது அடி முன்னாலேயே மணியடித்துக்கொண்டு, பார்வையை வயல் பக்கம் வைத்துக்கொண்டு போகிறேன். சைக்கிளில் பிரேக்குக்கு அடுத்தபடி முக்கியமானது மணிதான்.

காற்றுக்கு வருகிறேன். இதை நான் காசு கொடுக்காமல் ஆனால் கால் கொடுத்துப் படித்த பாடம்.

முதல் வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆரல்வாய்மொழி வரை போய்க் காற்றாலைக் காத்தாடிகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று செண்பகராமன்புதூர் வழியாகக் கிளம்பினேன். போகப் போக எனக்கே ஆச்சரியம். மிதிக்கவே வேண்டாம், சைக்கிள் தானாகப் பறக்கிறது. ஷால் எனக்கு முன்னால் பறக்கிறது. மூன்று மாதப் பழக்கத்தில் இவ்வளவு தேறிவிட்டோமே என்று மனசுக்குள் ஒரு மெடலே குத்திக்கொண்டேன். ஆரல்வாய்மொழியில் ஒரு கட்டன் குடித்து, ரசவடை தின்று, சைக்கிளைத் திருப்பினேன். திருப்பியதுதான் தெரியும். யாரோ இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வைத்துப் பின்னால் தள்ளுகிற மாதிரி ஒரு காற்று. வாயைத் திறந்தால் மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. நின்றுகொண்டு மிதித்தேன், நடக்கிறவர் என்னைத் தாண்டிப் போனார்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்கேயிருந்து வந்து, இரண்டு பக்கமும் மலை நிற்க, நடுவில் கிடைக்கிற ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் பிதுங்கிக் கிழக்கே போகும். அதனால்தான் பக்கத்து முப்பந்தலில் அத்தனை காத்தாடி நட்டிருக்கிறார்கள். இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடமே ஒப்பித்திருக்கிறார்கள். நான் பறந்தது என் காலால் இல்லை. போக முக்கால் மணி நேரம் ஆன வழியில் திரும்பிவர இரண்டேகால் மணி நேரம் ஆனது. அதில் பாதி நடை. ஒரு லோடு ஆட்டோக்காரத் தம்பி நிறுத்தி, "ஏத்திக்கிடட்டா அக்கா?" என்று கேட்டான். வேண்டாம் என்று கௌரவமாகச் சொன்னேன். அடுத்த வளைவில் அந்தக் கௌரவத்தை நினைத்து அழாத குறை. வீட்டில் வந்து விழுந்ததும் வீட்டுக்காரர் சொன்னார்: "காத்து கொண்டு விடும், கூட்டிக்கிட்டு வராதுல்லா."

அதன்பிறகு ஆனி, ஆடி, ஆவணியில் வெளியே வந்ததும் முதல் வேலை, தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது. காலில் தெம்பு இருக்கும்போதே காற்றுக்கு எதிராகப் போய்விட வேண்டும், களைத்துத் திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரும். கடற்கரைப் பக்கம் இதில் வேறொரு கணக்கு. காலையில் காற்று அமர்ந்திருக்கும், பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் கடலிலிருந்து அடிக்கத் தொடங்கும். மணக்குடி, சங்குத்துறை என்று போகிறவர்கள் விடியலில் போய்விட்டு, வடக்கே வீடு திரும்பும்போது கடல்காற்று முதுகில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டால் சுகம்.

சீசன் என்று பார்த்தால் எனக்கு இரண்டு சாகுபடிதான் காலண்டர். முதல் போகமான கன்னிப்பூ நடுகிற சமயத்தில் கரை இரண்டு பக்கமும் கண்ணாடி விரித்த மாதிரித் தண்ணீர் நிற்கும், தாடகை மலை தலைகீழாகத் தெரியும். பயிர் பால்பிடிக்கும்போது ஒரு வாசம் வரும், அது ஸ்கூட்டரில் போகிறவர்களுக்குக் கிடைக்காது, மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போனால் அந்த வாசம் தங்காது. அறுவடை சமயம்தான் தொல்லை. ரோட்டில் வைக்கோல் காயப் போட்டிருப்பார்கள். மேலே ஓட்டிப் போனால் மெத்தை மாதிரி இருக்கும், நாலு சுற்றில் வைக்கோல் ஃப்ரீவீலில் சுற்றி இறுக்கிச் சக்கரமே நின்றுவிடும். பேனாக்கத்தியால் அரைமணி நேரம் அறுத்தேன். வைக்கோல் கண்டால் இறங்கித் தூக்கிக்கொள்வதே மேல்.

ஒரு விஷயம் ஒத்துக்கொள்ள வேண்டும். நடுவில் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. மகள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள், எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம் என்றெல்லாம் காட்டும். ஒருநாள் வீட்டு வாசலுக்கு வந்து பார்த்தால் 9.6. பத்து ஆகட்டுமே என்று தெருவை மேலும் கீழுமாகச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து எழுந்து வந்து, "என்னத்த மக்ளே தொலைச்சே?" என்று தேடிக் கொடுக்கத் தயாராக நின்றார். அன்றைக்கே ஆப்பை எடுத்துவிட்டேன். இப்போது என் அளவு ஒன்றுதான்: ஆறு மணிக்குக் கிளம்பி ஏழேகாலுக்குள் வீடு. எட்டு கிலோமீட்டரும் ஆகும், பதினாலும் ஆகும். வழியில் யாரோடு பேசினேன் என்பதைப் பொறுத்தது.

விடுமுறையானால் தேரூர்க் குளம். மார்கழி, தை மாதம் அதற்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறேன். சுசீந்திரம், தேரூர் குளங்கள் சேர்ந்த ஈரநிலம் 2022ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. வேம்பனூர்க் குளமும் அதே வருடம் சேர்ந்தது. தேரூர் கவிமணி பிறந்த ஊர். மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் நிற்கும். பறவைகளைப் பார்க்கச் சைக்கிள் போல ஒன்று கிடையாது, ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு. மெதுவாக உருண்டு போகிற சைக்கிளை அவை மாட்டை மாதிரிதான் நினைக்கின்றன, கண்டுகொள்வதில்லை. சட்டென்று நிறுத்திக் காலை ஊன்றினால் கூட்டமாக எழும்பிவிடும். அதனால் நிற்க வேண்டிய இடத்தைத் தூரத்திலேயே முடிவு செய்து, மரத்தடியாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்துப் போய் நிற்பேன். முதல் வருடம் முழுக்க நான் பார்த்தது பறவைகளின் முதுகைத்தான்.

நாஞ்சில் நாட்டுச் சமவெளியில் கியர் இல்லாத சைக்கிள் தாராளம். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் கதை வேறு. அங்கே ரோடு என்றால் ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். குலசேகரத்தில் சித்தி மகள் வீடு இருக்கிறது. பரீட்சை விடுமுறையில் லோடு ஆட்டோவில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனேன். வீட்டிலிருந்து கடைக்குப் போவதற்குள் இரண்டு முறை இறங்கித் தள்ளினேன். "அக்கா, இந்த வண்டி இந்த ஊருக்கு ஆவாது" என்று தங்கச்சி சிரித்தாள். அவளுடைய மகன் கியர் சைக்கிளைக் கொடுத்தான். அதில் ஒரு வாரம் ஓட்டிய ருசியில் ஊருக்கு வந்து நானும் ஒன்று வாங்கினேன்; பெரிய விலையில் இல்லை, பின்னால் மட்டும் ஏழு பல்சக்கரம் உள்ளது. கியர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: ஏற்றம் தொடங்கும் முன்னாலேயே லேசான கியருக்கு வந்துவிட வேண்டும். ஏற்றத்தின் நடுவில் முக்கிக்கொண்டு மாற்றினால் செயின் 'கடக்' என்று அலறும், சிலசமயம் கழன்றும் விழும். கால் லேசாக, வேகமாகச் சுற்ற வேண்டும். பெடலை அமுக்கி அமுக்கி மிதிக்கிறவருக்கு முழங்கால் சீக்கிரம் போய்விடும்.

ரப்பர் தோட்டத்துக்குள் போகிற பாதை அழகு. காலையில் பால் வெட்டுகிறவர்கள் தலையில் விளக்கோடு மரம் மரமாக நகர்வார்கள், சிரட்டையில் பால் சொட்டும். தை பிறக்கிற சமயத்தில் இலையெல்லாம் சிவந்து உதிர்ந்து, பாதை முழுக்கச் சருகு. நான் விழுந்தது அங்கேதான். முந்தின நாள் மழை. மேலே காய்ந்த சருகு, அடியில் ஈரச் செம்மண். இறக்கத்தில் திரும்பும்போது பதறி முன் பிரேக்கைப் பிடித்தேன். முன் சக்கரம் சோப்பு மாதிரி வழுக்கிப் போனது. முழங்கையில் தோல் போனதோடு தப்பித்தேன். பால் வெட்டுகிற ஒரு அண்ணன் ஓடிவந்து தூக்கிவிட்டு, "சருகுல பிரேக்கு புடிக்கப்பிடாது, திரும்பதுக்கு முன்னயே புடிச்சிரணும்" என்றார். வேகத்தை வளைவுக்கு முன்னால் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் போக வேண்டும். தோட்டத்து அண்ணன் ஒரு வரியில் சொன்னது எனக்கு முழங்கை ஆறின பிறகும் மறக்கவில்லை. அவர் வீட்டிலிருந்தே சூடாக மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகுச் சம்மந்தியும் வந்தது. விழுந்தால் அந்தப் பக்கம்தான் விழ வேண்டும்.

அந்தப் பயணத்தில்தான் மாத்தூர் தொட்டிப் பாலத்துக்கும் போனேன். சின்ன வயதில் ஸ்கூல் டூரில் பார்த்தது, உயரம் மட்டும் நினைவிருந்தது. இந்த முறை சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு மேலே ஏறி நடந்தபோது வேறுமாதிரித் தெரிந்தது. கீழே 115 அடிப் பள்ளத்தில் பறளியாறு. இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்கு, 28 தூண்களின் மேல், பட்டணங்கால் சானலின் தண்ணீர் தொட்டிக்குள் போகிறது. 1966ல் கட்டியது. ஆறு கீழே ஒரு பக்கம் ஓட, சானல் மேலே அதன் பாட்டுக்கு இன்னொரு பக்கம். எங்கள் ஊரில் பள்ளம் வந்தால் சானல் ஒதுங்கி வளைந்து போகும். இங்கே வளைந்து போக வழியில்லை. பள்ளத்தில் இறக்கிவிட்டால் அந்தப் பக்கம் ஏற்ற முடியாது. தண்ணீர் ஏற மாட்டேன் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக இத்தனை பெரிய பாலம். இரண்டு நாளாக ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளியவள் என்ற முறையில் எனக்கு அந்தத் தண்ணீர்மேல் பொறாமையே வந்தது.

புது சைக்கிள் வாங்கினவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. என் புது வண்டியின் டியூபில் வால்வு பேனா ரீஃபிள் மாதிரி மெல்லியதாக இருந்தது. கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. தோவாளை தாண்டி உடைமுள் ஏறிப் பஞ்சரானபோது, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் நிறுத்தினால், அவருடைய பம்பு எதுவும் அந்த வால்வில் பொருந்தவில்லை. டியூபை ஒட்டிவிட்டார், காற்று அடிக்க வழியில்லை. கடைசியில் பஸ்ஸில் வீடு வந்து, மறுநாள் ஆட்டோவில் போய் வண்டியை எடுத்து வந்தேன். பித்தளையில் ஒரு சின்னத் திருகு மூடி விற்கிறார்கள். அதைப் போட்டால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடிக்கிற பம்பிலேயே அடிக்கலாம். சுண்டைக்காய் அளவு, சில்லறைக் காசு. இப்போது அது, ஒரு மாற்று டியூப், டயர் கழற்றும் இரண்டு பிளாஸ்டிக் நெம்புகோல், கைப்பம்பு, பேனாக்கத்தி எல்லாம் சீட்டுக்கு அடியில் ஒரு பையில். வாங்கும்போதே தடித்த வால்வு உள்ள வண்டியாகப் பார்த்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

பெண்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்பது உடையைப் பற்றி. சேலையில் முடியாது என்று சொல்ல மாட்டேன், எங்கள் பக்கத்தில் மீன் விற்கப் போகிற அக்காமார் இப்போதும் சேலையில் ஓட்டுகிறார்கள், எனக்கு முடியவில்லை. சுடிதார்தான், ஷாலைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துவிட வேண்டும். காற்றில் பறக்கிற ஷால் சக்கரத்தில் சிக்கினால் கழுத்தோடு இழுக்கும். வலது கால் பேண்டுக்கு ஒரு ரப்பர் பேண்ட், செயினில் கடிபடாமல் இருக்க. விடியலுக்கு முன்னால் கிளம்புகிறவர்கள் பின்னால் ஒரு சிவப்பு மினுக்கு விளக்கு போடாமல் இறங்க வேண்டாம். நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். மிதிக்க மிதிக்க அதற்கு உற்சாகம். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அதற்கே போரடித்துவிடும். எங்கள் தெரு முக்கில் இருக்கிற ஒன்றுக்கு மட்டும் பிஸ்கட் லஞ்சம்.

தோவாளை வழியாகத் திரும்புகிற நாளில் பூச்சந்தையில் நின்று பிச்சிப்பூ வாங்கிக் கூடையில் போட்டுக்கொள்வேன். அன்றைக்கு மட்டும் மாமியார் சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

போன ஜூனில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கோடையில் சானல் காய்ந்து கிடந்தது. பாட்டில், தேங்காய் மட்டை, கிழிந்த சாக்கு, எல்லாம் அடியில். அணை திறந்தாச்சு என்று பேப்பரில் வந்து நாலைந்து நாள் ஆகியும் எங்கள் பக்கம் வரவில்லை. அன்றைக்குக் காலையில் வழக்கம்போல் மேற்கே போய்த் திரும்பும்போது, காய்ந்த சானலுக்குள் ஒரு சலசலப்பு. எட்டிப் பார்த்தால் தண்ணீரின் தலை. பழுப்பு நிறத்தில், நுரையும் சருகும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒரு வெடிப்பில் இறங்கி அதை நிரப்பி, அடுத்ததில் இறங்கி, ஆள் நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் நாலு கொக்கு, ஓடிவரும் பூச்சிகளைக் கொத்திக்கொண்டே. நானும் கூடவே உருட்டினேன். அவ்வளவு மெதுவாகச் சைக்கிள் ஓட்டுவது கஷ்டம். இரண்டு முறை கால் ஊன்றினேன். அந்தச் சாய்வு, மூன்று வருடமாகக் காலுக்குத் தெரியாமல் இருந்த சாய்வு, அன்றைக்கு முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

மணி ஏழு பத்து. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அதை விட்டுவிட்டு முன்னால் மிதித்தேன். அடுத்த மடையில் மூன்று பேர் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். மடைப் பலகையைத் தூக்கி வைத்துக்கொண்டு, சானலின் காய்ந்த தரையையே பார்த்தபடி. அதில் ஒருவர், முதல் மாதம் வண்டி ரிப்பேரா என்று கேட்டவர்.

"வெள்ளம் எங்க வரைக்கும் வந்திருக்கு டீச்சர்?"

"ஆலமூடு வளைவு தாண்டியாச்சு. இன்னும் கால் மணிக்கூர்ல இங்க வந்திரும்."

பலகையை இறக்க ஆரம்பித்தார்கள்.